பொன்விழா கண்ட ரத்தசோகை

இந்த நாட்டில் எதற்கெல்லாமோ பொன்விழா எடுக்கிறார்கள். கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஒழிக்க 1970-ல் இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் தொடங்கினார்கள். 2020-ல் அதற்கு வயது ஐம்பது. ஒரு பொன்னாடை உண்டா, ஒரு போஸ்டர் உண்டா? எத்தனையோ ஆட்சிகள் வந்து ஒழிக்கப் பார்த்தும் அசையாமல் நின்ற ரத்தசோகைக்கு மாலை போடாமல் வேறு யாருக்குப் போடுவது? 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டுக் கர்ப்பிணிகளில் 50.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 2019-21-ல் 52.2. தமிழ்நாட்டில் 44.4 இருந்தது 48.3 ஆனது. நடுவே 2018-ல் 'ரத்தசோகை இல்லாத பாரதம்' என்று பெயர் சூட்டி, ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளி குறைப்பதாகச் சபதம் வேறு.

இது தனி ஆள் சாதனை இல்லை. ஆகவே மாலைகள் பல.

முதல் மாலை வீட்டுக்கு. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. வயிற்றுப் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் பங்கு கேட்கின்றன. மொத்தத்தில் ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதற்கு நாம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவது. ஈரலும் சுவரொட்டியும் வாங்கிய நாளில் முதல் கரண்டி எந்தத் தட்டில் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. சுகாதார நிலையத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்துப் பேரீச்சம்பழம் யார் வாய்க்குப் போனது என்பதை விசாரணைக் கமிஷன் வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதே வீட்டில்தான், 'இரும்பு மாத்திரை போட்டா புள்ள கறுப்பாப் பொறக்கும்' என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியும் நடக்கிறது. அம்மா, அந்த மாத்திரை கறுப்பாக்குவது மலத்தை மட்டும்தான். பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் கடன் வாங்கியாவது குங்குமப்பூ வாங்குகிறோம். தாயின் ரத்தம் சிவப்பாக இருக்க இலவசமாகக் கொடுத்த மாத்திரை பரணில் கிடக்கிறது. வளைகாப்பன்று ஐந்து வகைச் சாதம், கை நிறைய வளையல், போட்டோகிராபர். மறுநாள் காலை அவளுக்கு ஒரு டம்ளர் டீயும் பழைய கடைசி வரிசையும்.

இரண்டாவது மாலை, பதினேழு வயதில் கட்டிக்கொடுத்து, முதல் பிள்ளை நடை பழகுமுன் அடுத்ததைக் கேட்கும் 'வாரிசு'க் கட்சிக்கு. முதல் பிரசவத்தில் கரைந்த இரும்பை உடம்பு திரும்பச் சேர்க்க இரண்டு வருடமாவது வேண்டாமா? பேரன் முகம் பார்க்கும் அவசரம் அவ்வளவு.

மூன்றாவது, மாத்திரையைக் கையில் திணித்துப் பதிவேட்டில் டிக் போடும் முறைக்கு. டீயோடு போட்டால் சேராது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும் என்று உட்கார்ந்து சொல்ல, பல கிராமங்களைத் தனியாளாகச் சுமக்கும் செவிலியருக்கு நேரம் ஏது? குமட்டுகிறது, மலம் இறுகுகிறது என்றால் 'பழகிடும்'. கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து ரத்தம் உறிஞ்சும். அதற்கும் ஒரு மாத்திரை உண்டு. புழு கால்வழி ஏறும் திறந்தவெளிக்கு மாத்திரை இல்லை. கடைசியில், 2019-21 கணக்கெடுப்பில், போட வேண்டிய 180 நாளும் மாத்திரை போட்டவர்கள் நாட்டில் 26 சதவீதம்தான். பழி யாருக்கு? 'அந்தப் பொம்பளைங்க போடறதில்லீங்க.'

1928-லேயே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஏழை ஆலைத் தொழிலாளிக் கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு வேர் அவர்கள் தட்டில் இருக்கிறது என்று கண்டு, ஈஸ்ட் சாறு கொடுத்துத் தேற்றிக் காட்டினார். நூறு வருடம் ஆகப்போகிறது. தட்டை இன்னும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெரிய மாலை, ஆளுயர மாலை, கணக்கெடுப்புக்கு. எண் ஏறிவிட்டதா? அடுத்து வந்த ஆறாவது சுற்றில் ரத்தசோகைச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். விரல்நுனி ரத்தம் துல்லியமில்லையாம். நரம்பு ரத்தம் எடுத்துத் தனியாக வேறொரு ஆய்வு செய்வார்களாம். வாதத்தில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எண் இறங்கியிருந்தால் அந்த விரல்நுனியை விளம்பரப் பலகையில் அல்லவா வைத்திருப்பார்கள்! ஏறிய பிறகுதானே ஊசிமேல் சந்தேகம் வந்தது.

கடைசி மாலையைப் பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்களுக்காக வைத்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமாவது வேண்டும்; 7-க்குக் கீழே போனவளுக்கு, மற்றவள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கே எமன். உள்ளே அப்படி ஒருத்தி. நர்ஸ் வெளியே வந்து, ரத்தம் கொடுக்க யாராவது வாங்க என்கிறார். கணவன், மச்சினன், மாமனார், சித்தப்பா, நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

'உழைக்கிற உடம்பும்மா. ரத்தம் குடுத்தா வீக் ஆயிரும். வெளியில காசுக்குக் கிடைக்குமான்னு பாருங்க.'