கட்டைவிரல் காத்திருந்த கதை

ஏகலைவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசித்த ஐரோப்பாவின் பழைய வித்வான்களிடம் யாரும் கேட்கவில்லை; அவர்களே அதை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். வலது கை ஸ்வரம் ஸ்வரமாக மேலே ஏற வேண்டுமா? நடுவிரல், மோதிரவிரல், மறுபடி நடுவிரல், மறுபடி மோதிரவிரல் என்று, நண்டு வரப்பேறுகிற மாதிரி ஒன்றையொன்று தாண்டிப் போகும். கட்டைவிரல் கல்யாண வீட்டுப் பெரியப்பா. எட்டாத உயரத்தில் ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால்தான் கூப்பிடுவார்கள்.

பாரிஸில் கூப்பரேன் என்றொரு வாத்தியார். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று சொல்ல 1716ல் தனிப் புத்தகமே போட்டார். வாசிக்கும்போது முகம் கோணுகிறதா, எதிரே கண்ணாடி வையுங்கள் என்கிறார். பாடம் முடிந்ததும் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவாராம். முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிடுமே! பலன்? தான் போட்ட அலங்காரக் குறிகளைக்கூட மதிக்காமல் வாசிக்கிறார்கள் என்று 1722லும் புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் ஜெர்மனியில் இசையமைப்பாளர் பாக், 1720ல் மூத்த மகனுக்குத் தொடங்கிய நோட்டில் அதே 3-4-3-4 (நடுவிரல் 3, மோதிரவிரல் 4) நண்டு நடையை எழுதிக்கொடுத்தார். ஆனால் அப்பா கட்டைவிரலுக்கு முழு வேலை கொடுத்தவர் என்று இன்னொரு மகன் கார்ல் 1753ல் அச்சிலேயே போட்டு உடைத்துவிட்டார்.

ஒருவழியாகக் கட்டைவிரல் சபை ஏறியது. ஆனால் பியானோ இசையமைப்பாளர் ஷோப்பன் விடுவாரா? 1833ல் வெளிவந்த பத்தாம் ஓபஸின் இரண்டாவது எட்யூடில் (பயிற்சிப் பாடலில்), கடைசி மூன்று விரல்களையும் பழைய நண்டாக்கி, ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் விரல் எண் போட்டார். அவர் நினைவாக 12 எட்யூட் எழுதிய டெபுஸி, 1915ல், ஒரு எண்கூடப் போடவில்லை. உன் கை, உன் பாடு!

இங்கிலாந்துக்காரர்கள் கதை தனி. கட்டைவிரலை அவர்கள் விரல் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதற்கு ஒரு கூட்டல் குறி; ஆள்காட்டி விரல்தான் 1, சுண்டுவிரல் 4. மற்ற ஐரோப்பியர்களுக்கோ கட்டைவிரல்தான் 1. இரண்டு வகைப் புத்தகமும் பல காலம் சேர்ந்தே விற்றன.

பழைய புத்தகக் கடையில் லண்டனில் அச்சான பியானோ புத்தகம் சிக்கினால், வாசிக்க உட்காருமுன் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.