மயிரை எடுக்க மயிரு வாங்கப் போறவனுக்கு

எய்யா பேரப்புள்ள, இங்கன வா. அந்தப் போனை இப்படிக் கொடு. கண்ணாடி இல்லாட்டாலும் விலை மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். என்ன போட்டிருக்கு? ‘சில்வர்டிப் பேட்ஜர்’ சவர பிரஷ், அஞ்சாயிரத்து எண்ணூறு. ஏலே, இந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்டங்குட்டி பிடிச்சாந்தா அது மேலயும் மயிரு இருக்கும், நாளைக்குப் பாலும் கறக்கும். இதைக் கறக்க முடியுமா?

தை மாசம் கல்யாணம், பொண்ணு வீட்டுல தாடி ஆகாதுன்னுட்டாங்க, அதனால நாலு வருஷமா கருவக்காடு மாதிரி வளத்ததை எடுக்கப் போறே. சந்தோசம். ஆனா காட்டை அழிக்கப் போறவன் அருவாளைப் பத்தி யோசிப்பானா, தலைப்பாகையைப் பத்தி யோசிப்பானா?

பேட்ஜர்னா என்னன்னு கேட்டா முழிக்கே. வளை தோண்டி வாழுற ஒரு சீவன். நம்ம பாசையில வளைக்கரடிங்காங்க, ஆனா கரடி இல்ல, நீர்நாய்க்குத்தான் ஒண்ணுவிட்ட பங்காளி. பிரஷ் கட்டுற அதோட முடி பெரும்பாலும் சீனாவுல இருந்து வருது. கவரிமான் மயிரு போனா உசுரை விட்டுரும்னு பெருமையாச் சொல்லுவாங்க. இந்த சீவன் பாவம், உசுரு போன பெறவுதான் அதுக்கு மயிரே போவுது. அப்புறம் அதுக்கு ரகம் பிரிக்கான்: ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப். எந்த சர்க்காரும் இதுக்கு முத்திரை குத்தல பாத்துக்கோ. ஒரு கம்பெனியோட ‘பெஸ்ட்’ இன்னொரு கம்பெனியில ‘சூப்பர்’னு உக்காந்திருக்கும். சந்தையில பூராக் கடையிலயும் ‘ஒரிஜினல் உடன்குடிக் கருப்பட்டி’ன்னு அட்டை தொங்குமே, அந்தக் கணக்குதான்.

நான் பொறாமையில பேசலடா. எனக்கும் பேட்ஜர் தெரியும். பட்டாளத்துல 17 வருஷம் தெனம் விடியல்ல சவரம் பண்ணினவன் நான். ஒரு ஆபீசருக்கு எடுபிடியா இருந்தப்ப அவரு பிரஷைக் கழுவி வைக்கது என் சோலி. ஒரு நாள் அவரு இல்லாத நேரம் பாத்து, கன்னத்துல ஒரே ஒரு தடவு தடவிப் பாத்தேன். கன்னுக்குட்டி காது மடலு மாதிரி இருந்துச்சு. உடனே எடுத்த இடத்துலயே வச்சிட்டேன். அம்புட்டுதான் நமக்கும் பேட்ஜருக்கும் உள்ள சம்பந்தம்.

எங்களுக்கு வாச்சதெல்லாம் பன்னி மயிருதான். மூஞ்சியைச் சுளிக்காத. இத்தாலியில பொலோனியாங்கிற ஊர்ல ஒமேகான்னு ஒரு கம்பெனி பன்னி மயிரு பிரஷுக்கே பேரு போனது. அந்த ஊரு சலூன்காரங்க கையில அதுதான் சுத்துது. பன்னி மயிருக்கு முதுகெலும்பு உண்டு. சோப்புக் கட்டியில போட்டுத் தேச்சா வளைஞ்சு கொடுக்காம சோப்பை வழிச்செடுக்கும். ஆனா அது தண்ணியை உள்ளுக்குள்ளயே குடிக்கும். அதனால நீ பல்லு வெளக்கி முடிக்க வரைக்கும் அதை வெந்நியில ஊறப் போட்டிரணும். ஊறாம எடுத்தே, நீ போட்ட தண்ணி பூராத்தையும் அதுவே குடிச்சிட்டு உன் கன்னத்தைக் காய விட்டிரும். புதுசுல நாத்தமும் அடிக்கும், குத்தவும் செய்யும். புதுச் செருப்பு கடிக்காதா? பத்து இருவது தடவை போனா ஒவ்வொரு முடியும் நுனியில பிளந்து ரெண்டாகி மெதுவாயிரும். பேட்ஜர் வாங்குன அன்னைக்கே மெதுவா இருக்கும், பன்னி பழகப் பழகத்தான். எனக்கென்னமோ பழகுனதுதான் பிடிக்குது. உங்க ஆச்சிகிட்ட இதைச் சொல்லிராத.

குதிரை முடியும் உண்டு. ரெண்டுக்கும் நடுவாந்தரம். ஆனா அதுக்கு ஒரு பழைய கேசு நிலுவையில கெடக்கு. மாட்டுக்கு வருமே அடைப்பான் நோய், வாயில மூக்குல ரத்தம் கக்கிச் சாகுமே, அது முதல் உலகப் போர் சமயத்துல மனுசன் கன்னத்துலயும் கழுத்துலயும் கெளம்புச்சு. பேட்ஜர் கிடைக்காத காலம். கிழக்க இருந்து வந்த குதிரை முடியைச் சரியா வேகவச்சுச் சுத்தம் பண்ணாம, பேட்ஜர் மாதிரியே வேசம் போட்டு பிரஷ் கட்டி வித்துட்டாங்க. சவரத்துல பட்ட கீறல் வழியா நோய் உள்ள இறங்கிருச்சு. அமெரிக்காவுல மட்டும் பட்டாளத்தானும் ஊர்க்காரனுமா 200 பேருக்கு மேல படுத்தாங்க. 1920ல இங்கிலீஷ்காரன் ஜப்பான் பிரஷ் எதுவும் உள்ள வரப்படாதுன்னு தடையே போட்டுட்டான். குண்டுக்குத் தப்பிச்சவன் பிரஷுக்குத் தப்பலன்னா என்ன சொல்ல? இப்ப முடியைச் சுத்தம் பண்ணித்தான் கட்டுதாங்க, பயப்படாத. ஆனா எந்தச் சந்தையிலயாவது பேரு ஊரு தெரியாத பழைய பிரஷை, தாத்தா காலத்துப் பொருளுன்னு எவனாச்சும் நீட்டினா, கும்பிட்டுட்டு வந்துரு. கீரி முடின்னு நீட்டினா கும்பிடக்கூட வேண்டாம், ஓடி வந்துரு. 1972 வருசத்து வன உயிர்ச் சட்டத்துல கீரியும் உண்டு. கல்யாண மாப்பிள்ளை அதுக்காகக் கோர்ட்டு வாசல்ல நிக்கப்படாது.

கடைசியா நைலான். முன்னால வந்த நைலானு தென்னந் தும்பு மாதிரி இருக்கும். இப்ப மெல்லிசா இழுத்து நுனியைக் கூராக்கி, பேட்ஜர் முடிக்கு இருக்க கறுப்பு வளையத்தைக்கூட சாயம் போட்டுக் கொண்டாந்துட்டான். ஊற வைக்க வேண்டாம், நாத்தம் இல்ல, குலுக்கி வச்சா சீக்கிரம் காஞ்சிரும். மெட்ராஸ்ல உன் குளியலறையில நீ விரிச்ச துண்டே மூணு நாளு காயாது. அங்கன பன்னி மயிரைத் தொங்க விட்டா பூசணம் பிடிக்கும். அதனால உனக்கு நைலானுதான். முடிக்கட்டு 24 மில்லிமீட்டர் அகலம் போதும். 30 மில்லிமீட்டரு வாங்குனே, உதட்டுக்கு மேல போடப் போயி மூக்குக்குள்ள வெள்ளையடிச்சிருவே. கைப்பிடி சோப்புக் கையில வழுக்காம இருக்கணும், அதைப் பாரு. கொம்பா, மரமா, பித்தளையாங்கிறதெல்லாம் அலமாரியில வைக்கதுக்கு.

இவ்வளவும் சொன்னேனே, சங்கதி இனிமேத்தான் இருக்கு. உன் வீட்டுத் தண்ணி என்ன தண்ணி? போர் தண்ணி. அதுல பருப்பு வேவுதா? வேவலன்னு உங்கம்மா போன்ல அழுதாளே. பருப்பு வேகாத தண்ணியில சோப்பும் நுரைக்காதுடா கோட்டிக்காரா. அந்தத் தண்ணியில கெடக்க சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்பைப் பிடிச்சித் திப்பி திப்பியா ஆக்கிரும். அந்தத் திப்பிதான் வாளியில வெள்ளையா ஒட்டுது. அதுல நீ சில்வர்டிப்பு போட்டாலும் சரி, சிங்கத்தோட பிடரியைப் போட்டாலும் சரி, கன்னத்துல நாலு கொப்புளந்தான் நிக்கும். நுரை வரலன்னு இன்னொரு பிரஷ் வாங்குவே. அதுலயும் வராது. குடிக்க கேன் தண்ணி வாங்குதேல்லா? அதுல ஒரு தம்ளரு எடுத்துச் சுட வச்சிப் பாரு. அம்பது ரூவா பிரஷுலயே கட்டித் தயிரு மாதிரி நிக்கும்.

அப்புறம், குளிக்கற சோப்பைக் கன்னத்துல போட்டுட்டு பிரஷைத் திட்டாத. சவர சோப்புக்குன்னு காரத்துல பொட்டாஷும் சேப்பான், கொழுப்புல ஸ்டியரிக் அமிலத்தைக் கூட்டிப் போடுவான். அதனாலதான் நுரை கெட்டியா, வெரசா அடங்காம நிக்குது. வட்ட டப்பாவுல கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்டு ஒண்ணு வந்துச்சு, எனக்கு வருசக்கணக்கா ஓடிச்சு. பிரஷைத் தண்ணியில முக்கி ஒரு உதறு உதறு, சோப்பு மேல அரை நிமிசம் சுத்து. பெறவு கன்னத்துல வச்சிச் சொட்டுச் சொட்டாத் தண்ணி தொடு. பால் பொங்குன மாதிரி பெருசு பெருசாக் கொப்புளம் வந்தா அது காத்து. மின்னுச்சுன்னா அதுதான் பக்குவம். நெல்லு குத்துற மாதிரி அமுக்காத, சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க மாதிரி இழு. அமுக்கி அமுக்கித்தான் நடுவுல முடி சாஞ்சு, என் மண்டை மாதிரி ஆயிருது.

நுரை எதுக்கு? முடியை ஊற வைக்க. ஒரு ரெண்டு நிமிசம் வெந்நீரு பட்டா முரட்டுத் தாடியும் எளகிரும். அந்தக் காலத்துல வேப்பமரத்தடியில அடைப்பத்தைத் தொறந்து உக்காருவாரே சவரக்காரரு, அவருகிட்ட பிரஷும் இல்ல, சோப்பும் இல்ல. ஒரு கிண்ணியில தண்ணி, சாணை பிடிச்ச கத்தி. தண்ணியைத் தொட்டுத் தொட்டு நம்ம தாடையை அவரு தேய்ச்ச தேய்ப்புல தூக்கமே வந்துரும். தேய்ச்சு முடிக்கதுக்குள்ள ஊருக்கதை பாதி முடிஞ்சிரும், முடியும் ஊறிரும். கடைசியில ஒரு படிகாரக் கட்டி, எரிச்சலுக்கு நம்ம வாயில ஒரு கெட்ட வார்த்தை, கதை முடிஞ்சிது. நீ அவசரக்காரன். ஒத்தைக் கையில போனு, ஒத்தைக் கையில பிரஷு. உனக்கு ஊற நேரமில்ல, அதான் மயிரைத் தேடுதே.

முடிஞ்சதும் பிரஷை நல்லா அலசி, உதறி, காத்தோட்டமா வை. மூடுன டப்பாவுல ஈரத்தோட போட்டு வைக்காத. நுனி கீழ பாக்கணுமா மேல பாக்கணுமான்னு சண்டை போடுதவன்லாம் உண்டு. உதறி வச்சா எப்படி நின்னாலும் காயும்.

ஆகக்கூடி அந்தக் கடையை மூடு. நானூறு ஐந்நூறுல நைலானு ஒண்ணு வாங்கு. மிச்சத்துக்குப் பொண்ணுக்கு ஒரு சேலை எடு. அவ உன் கன்னத்தைப் பாப்பாளே தவிர பிரஷை இல்ல.

என்ன முழிக்கே? நேத்தே ஆர்டர் போட்டுட்டியா? காசும் கட்டியாச்சா?

செத்த மூதி, அதை மொதல்லயே சொல்லுறதுக்கென்ன. சரி, சரி, திருப்பி அனுப்பாத. விலாசத்தை மட்டும் மாத்து. என் பேருக்கு இங்கன அனுப்பச் சொல்லு.