டிக்கி தரிசனம்

இவர் கார் வாங்கியதே டிக்கிக்காகத்தான். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் அந்த டிக்கியை ஊர் ஊராக எடுத்துப் போவதற்கான ஏற்பாடு. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு ஓடும் நேரத்தில், உங்கள் தோளில் கைபோட்டுப் பார்க்கிங் பக்கம் தள்ளிக்கொண்டு போவாரே, அவரேதான்.

டிக்கி திறக்கும். உள்ளே 12 அங்குல சப்ஊஃபர், 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையில் செய்த பெட்டி. அவர் காட்ட வந்தது அதையல்ல. பெட்டியின் முகத்தில் மாட்டியிருக்கிறதே ரெக்ஸின் போர்த்திய அலங்காரப் பலகை, அதை.

"ஸ்க்ரூ எங்க இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்."

நாம் குனிந்து தேட வேண்டும். உடனே தோல்வியை ஒப்புக்கொண்டால் மனுஷர் வாடிவிடுவார். "இன்னும் நல்லா பாருங்க" என்பார். உள்ளே சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்திருப்பார்கள். பிறகு பலகையின் இரு ஓரத்திலும் விரல் கொடுத்து ஓர் இழுப்பு. 'டப்'. கர்ப்பகிரகத்துத் திரை விலகியது போல நம் முகத்தைப் பார்ப்பார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாதது நம் குற்றம். மறுபடி மாட்டுவார். மறுபடி கழற்றுவார்.

அடுத்தது தல புராணம். முதலில் வெல்க்ரோ ஒட்டினார். சித்திரை வெயிலில் நின்ற காரில் பசை இளகிப் பலகை கீழே கிடந்தது. அடுத்தது காந்தம். எம்.டி.எஃப்பில் காந்தம் ஒட்டாது என்பதால் பெட்டியில் இரும்பு வாஷர்களைப் புதைத்தார். ஒட்டியது, ஆனால் பேஸ் அதிரும்போதெல்லாம் பலகை 'ர்ர்ர்' என்று கூடவே பாடியது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைக்காரர்கள் இவர் தலையைக் கண்டாலே ஷட்டரை இறக்கும் அளவுக்கு அலைந்தார். கடைசியில், வீட்டு ஸ்பீக்கர்களின் துணி முகப்பை எப்படி மாட்டுகிறார்களோ அந்த வழிக்கு வந்தார்: பலகையில் குண்டுத்தலை முளைகள், பெட்டியில் அவை போய் அமரும் குழிகள், நடுவே சத்தத்தை விழுங்க மெல்லிய ஃபோம் டேப். கோன் முன்னால் வந்து போகும்போது பலகையில் இடிக்காமலிருக்க எவ்வளவு இடைவெளி விட்டார் என்பது தனி அத்தியாயம். மோர்ச்சோறும் போச்சு.

அவர் காரில் பாட்டு கேட்கலாம் என்று யாரும் ஏறிவிடாதீர்கள். பல்லவி முடியுமுன் நிறுத்திவிடுவார்.

"கேட்டுச்சா?"

"என்ன?"

"ஒண்ணும் கேக்கலைல்ல? அதான்!"

பலகை நடுங்காத அந்தச் சத்தமின்மையைக் கேட்கத்தான் இவ்வளவு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர்.

கையில் வித்தை இருக்கிறது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மூடவே மூடாத எங்கள் சமையலறை அலமாரிக் கதவுக்குக் காந்தம் வைத்துச் சரிசெய்து கொடுத்தவர் இந்த மாமாதான். பத்துப் பைசா வாங்கவில்லை. மூன்று முறை கழற்றிக் காட்டினார், அவ்வளவுதான்.

ஆனால் ஊருக்குப் போகும்போது அந்த டிக்கியில் ஒரு பை வைக்க முடியாது. பலகையில் கீறல் விழுமாம். அரிசி மூட்டை அத்தை மடியில், சூட்கேஸ் என் மடியில், தேங்காய்ச் சாக்கு காலடியில். "கழட்டி மாட்டுற பலகைதானே மாமா, கழட்டி வீட்ல வெச்சுட்டு வரலாமே?" என்று கேட்டேன். கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அப்புறம் பெட்டி மொட்டையா நிக்குமே!"

கழற்றத்தான் இத்தனை பாடு பட்டார். கழற்ற வேண்டிய ஒரே நாளில் கழற்ற மாட்டார். முழங்கால் வலிக்கிற அத்தையை எட்டு மணி நேரம் அரிசி மூட்டையோடு உட்கார வைப்பதில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஆகவே, வாசகர்களே, "நம்ம கார்லயே போயிடலாம்" என்று இவர் அன்போடு அழைத்தால், மூட்டை முடிச்சு எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள். பதிலுக்கு டிக்கியைத் திறக்கப் போனால், பேசாமல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.