ஓனர் ஆகப்போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. நம்மூருல ஆறு டீமு வெச்சு லீக்கு நடத்தப்போறியாமே? பசங்கள ஏலம் உட்டு எடுக்கப்போறியாமே? பேஷ்! தாத்தன் சொல்றதக் கேட்டு நட, பெரிய மனுசன் ஆயிருவே.

மொதல்ல ஏலம். காரிமங்கலம் சந்தையில துண்டுக்குள்ள கைய உட்டு, வெரலப் புடிச்சுத்தான் வெல பேசுவோம். பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. மாட்டுக்கும் ஒரு மானம் இருக்குதில்ல? ஐபிஎல்காரங்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்ல. 2008-ல ஊரறிய ஏலம் உட்டு, தோனிக்கு 15 லட்சம் டாலர்னு சுத்தியலால தட்டுனாங்க. நீயும் மைக்கு வெச்சே தட்டு. வெல போகாத பையனோட அம்மா வெளக்கமாத்தோட வந்தா, எங்க வூட்டுக்கு மட்டும் வழி காட்டாத.

அப்புறம் ஓனரு. சென்னை டீமை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கினது இந்தியா சிமெண்ட்ஸு. அவங்களுக்கு விக்கறதுக்குச் சிமெண்டு இருக்குது. உங்கிட்ட என்ன இருக்குது? தக்காளி. 'பாலக்கோடு தக்காளி ராயல்ஸ்'னு பேரு வெய்யி. வெல விழுந்த அன்னிக்கு எதிர் டீமு மேல வீசவாவது ஆவும்.

2016-ல தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எட்டு டீமு வெச்சு டிஎன்பிஎல் ஆரம்பிச்சுது. தர்மபுரி பேருல ஒண்ணு உண்டா? கெடயாது. அதுக்காக நீ அழுவாத, பேரு கெடச்ச ஊரு கதயக் கேளு. 'காரைக்குடி காளை'ன்னு ஒரு டீமு இருந்துச்சு. அந்தக் காளைய அவுத்துக்கினு போயி 2021-ல திருப்பூர்ல கட்டிட்டாங்க. மொத வருசமே கோப்பை ஜெயிச்ச தூத்துக்குடி டீமு, சேலத்து டீமா ஆயிருச்சு. சேலம் வரைக்கும் வந்த மவராசனுங்களுக்குத் தொப்பூர் கணவாய் ஏறி நம்ம தர்மபுரிக்கு வரத்தான் மனசு வரல. புரியுதாடா? பனியன்ல ஊரு பேரு, பத்திரத்துல ஓனரு பேரு.

அதே சேலத்துல சின்னப்பம்பட்டி நடராஜன் இருக்கான் பாரு, அவன் கெட்டிக்காரன். டிஎன்பிஎல்லுல திண்டுக்கல்லுக்குப் பந்து போட்டான். 2017 ஐபிஎல் ஏலத்துல 10 லட்சத்துல ஆரம்பிச்ச அவன் வெல, 3 கோடிக்குப் போச்சு, எடுத்தது பஞ்சாப்பு. அப்புறம் ஐதராபாத்து. டீமு எங்கயோ சுத்துச்சு, ஆனா அவன் கிரவுண்டு கட்டினது சின்னப்பம்பட்டியில. அத எந்த ஓனரும் லாரியில ஏத்திக்கினு போக முடியாது.

அதனால ஏலத்துக்குன்னு கேட்டா எங்கிட்ட அஞ்சு காசு பேராது. ஏரிப் பக்கத்துல இருக்கற முள்ள வெட்டி, மண்ணடிச்சு, பிட்ச்சு போடுறோம்னு சொல்லு, ரெண்டு ஆட்ட வித்துத் தர்றேன். இல்ல, ஏலந்தான் வேணும்னு அடம் புடிச்சா என்னயும் அதுல சேத்துக்க. ஆரம்ப வெல ஒரு கவுளி வெத்தல. பேட்டு புடிக்க மாட்டேன், ஓட மாட்டேன். ஆனா அம்பயரு அவுட்டுன்னு கையத் தூக்கட்டும், அப்பத் தெரியும் நீ எடுத்த ஆளு வெல!