தவளைக்கு மைக் இல்லை

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பாட்காஸ்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். 2022-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் ஏறிய சுமார் 1,247 ஹெக்டேர் சதுப்பு. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு.

பதிவு நடப்பது மூன்றாம் மாடிப் படுக்கையறையில். மெத்தையைச் சுவரில் சாய்த்து, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேச வேண்டும். இரைச்சல் வருமென்று ஏசியை அணைத்தார்கள். சன்னலைத் திறந்தால் குப்பை நாற்றம். மைக்குக்கு மூக்கில்லை, பேசுகிறவருக்கு உண்டே!

முதல் விருந்தாளி நான்தான். "மாமா, அந்தக் காலத்துல இங்க எப்படி இருந்துச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"நாம உக்காந்திருக்கிற இடத்துல தண்ணி நின்னுச்சும்மா. 2023 டிசம்பர்லகூட ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போச்சே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

வெளியே மழைக்குக் கத்திய தவளையையும் இரைச்சல் என்று மென்பொருள் துடைத்துவிட்டது. அதனாலென்ன, தொடக்க இசைக்கு இணையத்திலிருந்து வேறொரு தவளையை இறக்கிப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர்த் தவளையோ, கணீரென்றுதான் கத்துகிறது.