ஓரி மலையில் ஒரு தூண்டில்காரர்

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டுகிறவர்களில் இவர் மட்டும் தனியாகத் தெரிவார். சட்டைக்கு மேலே கையில்லாத ஒரு கோட்டு. அதில் முன்னும் பின்னும் பைகள். ஒவ்வொரு பையிலிருந்தும் கத்தரி, இடுக்கி, எண்ணெய்ப் புட்டி என்று ஏதாவது ஒன்று தொங்கும். டீக்கடைக்காரர் சற்றுத் தயங்கிவிட்டு, "கரண்ட் ஆபீஸுங்களா சார்?" என்பார்.

"இல்லைங்க, ஃப்ளை ஃபிஷிங்."

"ஆங்" என்பார் அவர். எந்த டிபார்ட்மென்ட் என்று விளங்காவிட்டாலும் மரியாதைக்காகச் சர்க்கரை ஒரு கரண்டி கூட விழும்.

ஆளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பெங்களூரிலோ கோவையிலோ கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்கடன் பாதி முடிந்திருக்கும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை தொடங்கியிருக்கும். மாரத்தான், மடக்குச் சைக்கிள், ட்ரோன் கேமரா எல்லாம் ஆளுக்கொரு வருஷம் கோலோச்சிவிட்டு ஓய்ந்துபோன வீடு. இப்போது தூண்டிலின் முறை. அதுவும் தனியாகத்தான் போக வேண்டும், ஆளரவமே இல்லாத ஈரக்காடாக இருக்க வேண்டும். வாரக் கடைசி இரண்டு நாளும் தன்னோடு தான் மட்டுமே இருக்கப்போவதாக மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் அறிவித்துவிட்டுத்தான் கிளம்புவார். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கெங்கே சிக்னல் எடுக்கிறதோ அங்கெல்லாம் வண்டியை நிறுத்தித் தன் தனிமையைப் படம் பிடித்து அனுப்புவார்.

சாஸ்திரம் முழுக்க அத்துப்படி. மற்றத் தூண்டிலில் நுனியிலுள்ள கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் நுனியில் கட்டும் பூச்சிக்குக் கனமே கிடையாது, நூலின் கனம்தான் பூச்சியைச் சுமந்து போக வேண்டும். அதனால் கோலைக் கடிகார முள்ளாகப் பாவித்து, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே முன்னும் பின்னும் வீச வேண்டும். ஐசக் வால்டன் 1653-இல் எழுதிய தூண்டில் புத்தகம் அவருடைய கிண்டிலில் இருக்கிறது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்திய மீன்களுக்கென்றே எழுதிய புத்தகமும் இருக்கிறது. நீலகிரியில் ட்ரவுட் மீனைக் குடியேற்ற 1863-இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றதையும், பிறகு வில்சன் துரை அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டி ஜெயித்ததையும், லாட்ஜ் மேனேஜர் அறைச் சாவியை நீட்டிக்கொண்டே நிற்க, முழுவதும் சொல்லி முடிப்பார். ட்ரவுட்டுக்கு நீலகிரிக் குளிர் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறார். காட்டு நீரோடை என்றால் ஏதாவது ஒரு மீன் இருக்காதா?

பூச்சியும் அவரே கட்டியது. நிஜப் பூச்சியல்ல, முள்ளின்மேல் பட்டுநூல் சுற்றி, இறகு வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இழைத்தது. இந்த வழியாகத்தான், இத்தனை நாமக்கல் கோழிப்பண்ணைகளைத் தாண்டித்தான் வந்தார்; ஆனால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் சுங்கவரி கட்டி வரவழைத்த அமெரிக்கச் சேவலின் கழுத்து இறகு. உள்ளூர்க் கோழிக்கு அந்தத் தகுதி இல்லையாம்.

முதல் சோதனை பெரியகோவிலூரில். அறப்பளீசுவரர் கோயிலருகே ஐயாற்றில் பொரி விழுந்தால் போதும், தண்ணீரே தெரியாத அளவுக்கு மீன்கள் மொய்க்கும். நம்மவருக்குக் கை ஊறிவிட்டது. உறையை அவிழ்க்கிறார். பொரி விற்கிற பாட்டி விடவில்லை.

"தம்பி, அது சாமி மீனுங்க. அந்தக் காலத்துல யாரோ அறுத்துக் குழம்பு வெக்கப் போனாங்க. துண்டெல்லாம் ஒட்டிக்கிட்டு எந்திரிச்சு ஆத்துக்குள்ள குதிச்சிருச்சு."

"பாட்டி, நான் சாப்பிடப் பிடிக்கலை. பிடிச்சு, போட்டோ எடுத்து, திரும்ப விட்டுடுவேன்."

"விடறதுக்கு எதுக்குங்க புடிக்கோணும்?"

வால்டனிலும் இதற்குப் பதில் இல்லை. அறுபட்ட மீனையே பொருத்தி ஆற்றில் விட்ட சாமியின் எதிரில் போய், பிடித்துத் திரும்ப விடுவதில் உள்ள கருணையைப் பற்றிப் பேசுவது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கிப் போட்டுவிட்டு நகர்ந்தார். அதே ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுகிறது. அங்கே வீசலாமே என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினார். கீழே ஈரோட்டுக் காலேஜ் பஸ் ஒன்றின் மொத்தக் கூட்டமும் அருவியில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் இரண்டு கிளாஸ் குடித்தார். முழங்காலுக்கு நல்லது என்றார்கள்.

அவர் தேடிய ஏகாந்தம் மறுநாள், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சேற்று ஓடையில் கிடைத்தது. கைபேசியை முக்காலியில் நிறுத்தி, தன்னைத்தானே படமெடுக்க விட்டுவிட்டு வீச ஆரம்பித்தார். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்தினான் என்கிறது புறநானூறு. நம்மவரும் ஒரே முள்ளில் ஐந்தைப் பிடித்தார்: பின்னால் நின்ற சில்வர் ஓக் மரம், அதில் படர்ந்திருந்த மிளகுக் கொடி, தன் தொப்பி, தன் கால்சட்டையின் பின்பக்கம், கரையில் யாரோ காயப்போட்டிருந்த பாவாடை. பாவாடைக்காரம்மாவிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பதற்றத்தில் தமிழ் வரவில்லை, பாவம்.

தனிமைக்கு அதற்குள் ஆறேழு பிள்ளைகள் பார்வையாளர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பலா பறிக்கிற துரட்டியோடு வந்து மரத்திலிருந்து பூச்சியை எடுத்துக் கொடுத்த பையன் மட்டும் கூடவே உட்கார்ந்துகொண்டான். அவனிடம் ஒரு மூங்கில் குச்சி, ஒரு பாகம் நரம்பு, தக்கைக்கு அறுந்த செருப்பின் துண்டு, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. அவர் பத்து மணி, இரண்டு மணி விளக்கிக்கொண்டிருக்க, அவன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டபடியே மூன்றாவது ஜிலேபி மீனைத் தூக்கிப் போட்டான்.

"உங்க பூச்சி நல்லாத்தான் இருக்குதுங்க சார். ஆனா அது காத்துலயே சுத்துதுங்க. மீனு தண்ணிலல்லங்க இருக்குது?"

அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். உலர்பூச்சி, ஈரப்பூச்சி, நீரோட்டத்தின் போக்கு எல்லாம் வந்தன. பேசி முடித்ததும் பசித்தது. பாறையில் உட்கார்ந்து லாட்ஜில் கட்டிக் கொடுத்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். பையனுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றில் பெரியதாகப் பார்த்து ஒரு மீனைக் காட்டாமணக்கு இலையில் வைத்து நீட்டினான்.

"எடுத்துக்கோங்க சார். சுட்டுத் தரட்டுங்களா?"

அவர் பொட்டலத்தோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"வேணாம் தம்பி. நான் சைவம்."