இடது தோள்கவசம் போன இடம்: தாம்பரம் வட்டார ஆய்வு

தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் எழுதிய பனம்பாரனார் முதல் வேலையாக எல்லை சொன்னார். நாமும் சொல்லிவிடுவோம். வடக்கே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, தெற்கே வண்டலூர் உயிரியல் பூங்கா, கிழக்கே சேலையூர், மேற்கே முடிச்சூர். இந்த நான்கெல்லைக்குள் கம்ப்யூட்டர் கேம் ஆடி மனம் உடைந்தவர்களே ஆய்வுப் பொருள். மேடவாக்கத்தார் தங்கள் துயரத்தைத் தாங்களே ஆய்ந்துகொள்ளட்டும்.

சிக்கல் இதுதான். ரோல் பிளேயிங் கேம் என்னும் வகையில், ஆடப்போகிறவர் தன் கேரக்டரைத் தானே செய்துகொள்ள வேண்டும்: என்ன இனம், என்ன தொழில், மூக்கு எவ்வளவு நீளம், புருவம் எவ்வளவு சரிவு. முதல் பாகத்தில் மனம்போல் செய்யவிடுவார்கள். அடுத்த பாகத்தில் அதிலேயே கை வைப்பார்கள். ரசிகர் குமுறுவார். ஏன் குமுறுகிறார்?

முதற்சான்று எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை. 2002-இல் வந்த மூன்றாம் பாகமான மோரோவிண்டில் 27 திறன்கள். 2006-இல் வந்த ஆப்ளிவியனில் 21. 2011-இல் வந்த ஸ்கைரிமில் 18. முதலில் ஆறு போனது, பிறகு மூன்று. இந்தக் கணக்கை நீட்டினால், 2018-இல் அறிவித்து இன்னும் கண்ணில் காட்டாத ஆறாம் பாகத்தில் பதினாறரைத் திறன் இருந்தாக வேண்டும். அந்த அரைத் திறன், பூட்டைத் திறக்காமல் பூட்டியிருக்கிறதா என்று இழுத்து மட்டும் பார்ப்பதாக இருக்கலாம் என்பது எம் கருத்து.

உடுப்பிலும் இதே கதை. மோரோவிண்டில் இடது தோளுக்கு ஒரு கவசம், வலது தோளுக்கு ஒரு கவசம், கையுறைகூட இடம் வலம் தனித்தனி. ஆப்ளிவியனில் தோள்கள் இரண்டும் மார்புக்கவசத்தோடு ஒட்டிக்கொண்டன. ஸ்கைரிமில் கால்சட்டையும் அதோடு ஐக்கியம். தீபாவளிக்குச் சண்முகம் சாலையில் பேன்ட் ஒரு கடை, சட்டை ஒரு கடை என்று பேரம் பேசி அலைந்து பழகியவனிடம், "இந்தா, எல்லாம் சேர்ந்து ஒரே துணி" என்று நைட்டியை நீட்டியது போல.

டிராகன் ஏஜ் விவகாரம் இன்னும் கொடிது. 2009-இல் வந்த முதல் பாகத்தில் மனிதன், எல்ஃப், குள்ளன் என்று மூன்று இனம், கதை தொடங்க ஆறு வாசல். 2011-இல் இரண்டாம் பாகம் வந்தபோது மனிதப் பிறவி ஒன்றே வாய்த்தது, ஹாக் என்ற குடும்பப் பெயரோடு. குள்ளர் கட்சி கொதித்தது. 2014-இல் மூன்றாம் பாகம், பறித்த இனங்களைத் திருப்பித் தந்து, கொம்பு வைத்த குனாரியையும் கொசுறாகப் போட்டது.

இனி களச்சான்று. குரோம்பேட்டையில் என் அத்தை மகன் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, ஒரு கேமில் முகம் செய்ய உட்கார்ந்தான். மூக்கை இரண்டு புள்ளி ஏற்றுவான், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பான், ஒரு புள்ளி இறக்குவான்.

"மச்சான், தாடை எங்க சித்தப்பா மாதிரி வருது, பாரேன்."

"வந்தா என்னடா, அவர் பேர்ல ரெண்டு அரக்கன் சாகட்டுமே."

எட்டரைக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கிடையாது. வந்ததும் மறுபடி மூக்கிலிருந்து. பத்து மணிக்கு முகம் முடிந்தது. பத்தேகாலுக்கு வழியில் ஓர் இரும்புத் தலைக்கவசம் கிடைத்தது, கண்ணுக்கு இரண்டு ஓட்டை மட்டும் உள்ளது. மாட்டினான். ஆட்டம் முடியும்வரை கழற்றவில்லை.

இதிலிருந்து எம் கோட்பாடு பிறக்கிறது: ஒரு தேர்வை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தினோமோ, அது போகும்போது அவ்வளவு வலிக்கும். உலகச் சான்றும் உண்டு. மாஸ் எஃபெக்ட் மூன்று பாகங்களையும் சேர்த்து 2021-இல் வெளியிட்டவர்கள் ஆட்டக்காரர்களின் கணக்கைச் சொன்னார்கள். கதைத்தலைமைப் பாத்திரமான ஷெப்பர்டை ஆணாக வைத்தவர்கள் 68 சதவீதம். ஆறு தொழில்கள் இருந்தும் பத்தில் நான்கு பேர் வெறும் சிப்பாய். 2020-இல் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தை முன்கூட்டியே ஆடக் கொடுத்த லேரியன் நிறுவனம் நொந்தே போனது. கொம்பு கொடுத்தோம், வால் கொடுத்தோம், பேய்க்கண் கொடுத்தோம், நீங்கள் அதிகம் பேர் தேர்ந்தவற்றைச் சேர்த்தால் சாதாரண ஆள் ஒருவன் முகம்தான் வருகிறது என்று ரசிகர்களைக் கேலி செய்தது. ஏமாற்றம் எதிர்த்திசையிலும் பாயும் என்பதற்கு எமக்குக் கிடைத்த ஒரே சான்று.

கோட்பாட்டைச் சோதிக்க வெகுதூரம் போகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை. மாஸ்டர் கையால் அங்கே ஸ்ட்ராங், லைட், மீடியம், சக்கரை கம்மி, சக்கரை தனியா, ஆத்தி, ஆத்தாம, நுரை இல்லாம என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிறப்பு. போன வருஷம் கடையைப் புதுப்பித்தார்கள். டைல்ஸ் வந்தது, ஃபால்ஸ் சீலிங் வந்தது, மூன்று பட்டன் வைத்த மெஷின் வந்தது.

"ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுப்பா" என்றார் ஆட்டோக்காரர்.

"ஸ்ட்ராங்குக்குப் பட்டன் இல்லண்ணே."

எனக்குப் பொங்கிவிட்டது. பதினைந்து வருஷ வாடிக்கை என்ற உரிமையில், இது என்ன அநியாயம், மனுஷனுக்கு மனுஷன் நாக்கு ஒன்றா என்று ஐந்து நிமிடம் பேசினேன். இப்போது கல்லாவில் உட்காரும் பழைய மாஸ்டர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சார், நீங்க பதினஞ்சு வருஷமா 'ஒரு டீ'னு மட்டுந்தானே கேக்குறீங்க?"

இக்கூற்றை ஆய்வில் சேர்க்க இயலவில்லை. விசாரித்ததில், மாஸ்டருக்கு வீடு மேடவாக்கத்தில்.